நீ மக்லோனாக இருந்த மூன்று நாள்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். அப்பா பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் பெரியவள் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் உங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். உன் பெயருக்கு என்ன அர்த்தம், யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு கோடு. பெரியவளுடையது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "தேனீ" என்று நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"பூச்சியா? எனக்குப் பூச்சி பேரா வெச்சீங்க?"

"பூச்சி இல்லம்மா, தேனீ. இஸ்ரவேலுக்கே நியாயம் விசாரிச்ச அம்மாவோட பேரு."

"அப்போ அந்தம்மாவும் பூச்சிதானே!"

சின்னவன் தரையில் உருண்டு சிரித்தான். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு?" என்று கேட்டான். நான் அர்த்தத்தை மட்டும் சொன்னேன். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது அந்த ஒரு கோட்டில் அடங்காது. உங்கள் அம்மாவைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க, உங்க கூத்துதானே அது" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள். அதனால்தான் இந்த நோட்டு. உங்கள் பெயர்களை இதில் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

சின்னவனே, நீ எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டாய். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பத்தொன்பது நாள் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவை மட்டும் உள்ளே விடுவார்கள். நான் வெளியே வராந்தாவில், வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கம்பெனியில் அப்போது எனக்கு மதியம் ஷிப்ட். காலை முழுக்க ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் முன்னால் நிற்பது.

அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் உனக்குப் பேர் தேடினேன்.

நம் வீட்டில் பேர் வைப்பது லேசான வேலை இல்லை. உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி நெமிலிச்சேரியில் வீடு கட்டியவர். காலையில் திருநீறு பூசாமல் காபி குடிக்க மாட்டார். உங்கள் அம்மா பிறந்ததிலிருந்தே சபையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் நானும் அவளோடு சபைக்குப் போக ஆரம்பித்தேன். தாத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் ஜோசியரிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒரு துண்டுத் தாளை என் கையில் வைத்தார். "மகம், முதல் பாதம். ம-வுல ஆரம்பிக்கணும். சாமி யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும், எழுத்து மட்டும் மாறக் கூடாது."

உள்ளேயிருந்து அம்மா சொல்லி அனுப்பினாள்: "வேதத்துல இருக்கிற பேரா இருக்கணும். சபையில வேற யாருக்கும் இருக்கக் கூடாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் சபையில் அப்போதே மூன்று சாமுவேல், நாலு தானியேல். பின்னால் உட்கார்ந்து "தானியேல்" என்று கூப்பிட்டால் நாலு திசையிலும் தலை திரும்பும். சின்ன தானியேல், கண்ணாடி தானியேல், வானகரம் தானியேல் என்று அடையாளம் வைத்துத்தான் கூப்பிடுவோம்.

எனவே எனக்கு வேலை இதுதான்: வேதத்தில் ம-வில் தொடங்கி, யாரும் வைக்காத ஒரு பேர். கையடக்க வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, வசனத்தைப் படிக்காமல், ம மட்டும் தேடிக்கொண்டே பக்கம் புரட்டினேன். மெத்தூசலா கிடைத்தது, மெ-யும் ம மாதிரிதானே என்று பார்த்தேன். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருஷம் வாழ்ந்தவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் பையன்கள் விட மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று பார்த்தேன், வாயில் நுழையவில்லை. பிறகு ரூத்தின் கதை வந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது: மக்லோன்.

எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. சுருக்கமான பேர். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்களின் மேல் பொறித்திருக்கும் பேர் மாதிரி கம்பீரமாக இருந்தது. ரூத்தின் வீட்டுக்காரர் என்று மட்டும் தெரிந்துகொண்டு புத்தகத்தை மூடினேன். இன்னும் நாலு வரி கீழே படித்திருந்தால் அந்த ஆள் செத்துப்போவதைப் பார்த்திருப்பேன். நான் தேடியது எழுத்தை. எழுத்து கிடைத்தது.

தாத்தாவிடம் போனில் சொன்னேன். இரண்டு தடவை உச்சரித்துப் பார்த்துவிட்டு, "ம வந்துடுச்சு. சரி" என்றார். அம்மாவிடம் சொன்னபோது அவள் சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். "ரூத் புருஷன் பேரா? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நீ வீட்டுக்கு வந்து சில வாரம் ஆனதும், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்பத்தூரில் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழில் உன் பேருக்கான இடம் காலியாக இருந்தது. அதில் பேர் சேர்க்க ஒரு படிவம் தர வேண்டும். கவுண்டரில் இருந்த மேடம் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"இன்னா சார் பேரு இது, புதுசா கீது?"

"பைபிள் பேரு மேடம்."

"நல்லா யோசிச்சுக்கினீங்களா? ஒரு தபா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னா அவ்ளோதான். அப்பால வந்து மாத்துங்கன்னு அழுதாலும் மாத்த முடியாது. செவ்வாக்கிழமை வாங்க."

"நல்லா யோசிச்சாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் போனேன். உங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறாரே, அவரேதான். அடுத்த வாரம் உன்னைச் சபை முன்னால் கொண்டுபோய் ஆண்டவருக்கென்று பிரதிஷ்டை செய்ய வேண்டும்; அதற்கு முன்னால் பிள்ளையின் பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அப்புறம் தன் பெரிய வேதாகமத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் எபிரெயப் பேர்களுக்கெல்லாம் அர்த்தம் போட்ட அட்டவணை உண்டு. விரலை வைத்துக்கொண்டே இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, இப்படி ஓரமா வாங்க" என்று டிரம்ஸ் வைத்திருக்கும் மூலைக்குக் கூட்டிப் போனார். "இந்தப் பேரை எங்கனா எழுதிக் குட்த்துட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமையே கார்ப்பரேஷன்ல குடுத்துட்டேனே."

"ஐயய்யோ."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். மக்லோன்: நோயாளி. அவனுடைய தம்பி கிலியோன்: நலிந்துபோகிறவன். அப்பா பேர் எலிமெலேக்கு, என் தேவனே ராஜா. அம்மா பேர் நகோமி, இனிமையானவள். அப்பா அம்மாவுக்கு அவ்வளவு நல்ல பேர். பெற்ற இரண்டு பிள்ளைக்கும் இப்படி.

அப்போதுதான் பாஸ்டரம்மா எனக்கு விளக்கினார். எபிரெயத்தில் பேர் என்பது வெறும் சத்தம் இல்லை. பல பேர் முழு வாக்கியம். ஏல் என்று வந்தால் தேவன். தானியேல் என்றால் தேவன் என் நியாயாதிபதி. யா என்று முடிந்தால் பெரும்பாலும் கர்த்தரைக் குறிக்கும். சில பேர் மிருகம், மரம்: ராகேல் பெண்ணாடு, யோனா புறா, தாமார் பேரீச்ச மரம். சில பேர் பெற்றவர்கள் அந்த நேரத்தில் இருந்த நிலைமை. கிழவி சாராள் சிரித்தாள், பிள்ளைக்குச் சிரிப்பு என்றே பேர் வந்தது, ஈசாக்கு. வலியோடு பெற்ற ஒரு தாய் துக்கத்தையே பேராக வைத்தாள், யாபேஸ். எல்லாப் பேருக்கும் படித்தவர்கள் ஒரே அர்த்தம் சொல்வதில்லை, சிலதில் சண்டை உண்டு என்றும் சொன்னார். "ஆனா இதுல பெருசா சண்டை இல்ல தம்பி."

"சிஸ்டர், பேருனால நோவு வருமா?"

"பேருல இன்னா நோவு கீது? யாபேசு துக்கம்னு பேரை வெச்சுக்கினே ஜெபம் பண்ணி நல்லா வாழ்ந்தான். ஆண்டவர் பேரைப் பாத்தா ஆசீர்வாதம் பண்றாரு?" என்று தைரியம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா மாத்த முடிஞ்சா மாத்திடுங்க" என்றார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதானே வரச் சொன்னார்கள், திங்கட்கிழமையே போய்ச் சத்தம் இல்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உனக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் கொடுத்த மருந்தை ஆவியாகப் பிடிக்க வைத்தோம், கொஞ்சம் தணிந்தது. அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, பேர் வைத்தாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்லிக் கொஞ்சினாள். "மக்லோனு... பால் குடிப்பா, மக்லோனு..."

அவள் கூப்பிட்டது எனக்கு வேறு மாதிரி கேட்டது. நோயாளி, பால் குடிப்பா. நோயாளி, கண்ணைத் திறப்பா. தீப்பெட்டி அளவே இருந்த உன் நெஞ்சுக்கூடு வேறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்படிக் கூப்பிடாத!" என்று கத்திவிட்டேன். பெரியவளே, உனக்கு அப்போது நாலு வயசு. பயந்துபோய் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு அஞ்சாவது வசனத்துலயே செத்துப்போறான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எங்க முழிச்சிருந்தேன்? நீங்களும் உங்க அப்பாவும் சேந்து எழுத்து எழுத்துன்னு பறந்தீங்க. பைபிளைத் தொறந்தா படிக்கணும். பேப்பர்ல வேலை தேடுற மாதிரி வெறும் பேரை மட்டுமா பாப்பாங்க?"

தாத்தாவுக்குப் போன் போட்டேன். அவராவது என்னைத் திட்டுவார், மனசு ஆறும் என்று பார்த்தால், அவர் நேர்மாறாகச் சொன்னார்.

"மாத்தாதடா. நல்லதுதான் அது."

"என்னப்பா சொல்றீங்க?"

"நம்ம ஊர்ப் பக்கம் பொறக்குற புள்ளைங்க தங்கலன்னா குப்பைத் தொட்டியில போட்டு எடுத்துக் குப்பன்னு பேரு வெப்பாங்க. பிச்சைன்னு வெப்பாங்க. இது யாருக்கும் வேணாத புள்ளைன்னு எமன் தாண்டிப் போயிடுவான். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வெச்சாங்க. எண்பத்திரண்டு வயசு வரைக்கும் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு. நோயாளின்னு பேர் இருந்தா நோய் எதுக்கு இன்னொரு தடவை வரும்? விடு."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். பாஸ்டரம்மா சொன்னதும் நியாயமாக இருந்தது, தாத்தா சொன்னதும் நியாயமாக இருந்தது. ஒருவேளை அந்த நகோமி வீட்டிலும் எட்டாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்திருக்கும், எமனை ஏமாற்றத்தான் அப்படிப் பேர் வைத்தார்களோ என்னவோ. ஆனால் எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. பேர் உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேரைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நோயாளி என்றுதான் கேட்கும் என்பது மட்டும் நிச்சயம். நாளெல்லாம் கூப்பிட வேண்டியவன் நான்தானே.

மாற்றத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா?" என்று அவள் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை கவுண்டர் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். கதவு திறந்ததும் முதல் ஆள் நான். கவுண்டரில் அந்த மேடம் இல்லை, வேறொரு சார் இருந்தார்.

"வெள்ளிக்கிழமை குடுத்ததா? அன்னைக்கு வந்ததெல்லாம் ஏத்தி முடிச்சிருப்பாங்களே."

"சார், என்னுதை மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்."

"மேடம்தான் பாக்கணும். மீட்டிங் போயிருக்காங்க. வெயிட் பண்ணுங்க."

நின்றேன். என் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அவர் கையில் இருந்த தாளைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஷிப்டுக்குப் போக முடியாது என்று சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் என் தலையில் ஓடியதெல்லாம், பதினெட்டு வயசில் நீ ஏதாவது ஒரு படிவத்தில் உன் பேரை எழுதுவது, யாராவது அர்த்தம் கேட்பது, நீ வந்து என்னைப் பார்ப்பது.

மேடம் வந்தார். சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் சொல்லிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். ஏற்றியவற்றில் என்னுடையது இல்லை. முடித்து வைத்த கட்டில் தேடினார், அதிலும் இல்லை. மேஜை டிராயரைத் திறந்து, கிளிப் போட்டிருந்த நாலைந்து தாளை எடுத்தார்.

"இதானா சார்?"

என் கையெழுத்துதான். மக்லோன் என்று பெரிது பெரிதாக, பரீட்சைக்கு எழுதுவது போல எழுதியிருந்தேன்.

"ஏத்திட்டீங்களா மேடம்?"

"எங்க ஏத்துறது? அம்மா கையெழுத்து போடுற எடம் காலியா கீது பாருங்க. ரெண்டு பேரும் போடணும். அன்னிக்கே உங்க நம்பருக்கு ரெண்டு தபா போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

மெஷின் ஓடும் இடத்துக்குப் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அது லாக்கரில் அடித்து ஓய்ந்திருக்கிறது. தெரியாத நம்பர் என்று நானும் அப்புறம் பார்க்கவில்லை.

கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவை முழித்திருக்கும்போது ஒழுங்காகக் கேட்காமல், அவளிடம் ஒரு கையெழுத்துகூட வாங்காமல், எல்லாம் நானே முடித்துவிட்டேன் என்ற பெருமையில் கொண்டுபோய்க் கொடுத்த படிவம் அது. அந்தத் தப்புதான் கிளிப்புக்குள் உட்கார்ந்துகொண்டு உன் பேரை நிறுத்தி வைத்திருந்தது.

"இன்னா சார், அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்றார் மேடம்.

"தெரியல மேடம்."

"அப்போ இன்னா பேரு வெக்கப் போறீங்க?"

"வீட்ல கேட்டு எழுதிக்கிட்டு வரேன்."

"அத்த மொதல்லயே செய்யணும்" என்று பழைய படிவத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினார். புதிதாக ஒன்றும் கொடுத்தார். "அவசரம் இல்ல. பொறுமையா கேட்டுக்கினு வாங்க."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏத்தல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது, தண்ணீர் லாரி ஹாரனை மீறி எனக்குக் கேட்டது.

பிறகு உன் பேரைத் தேர்ந்தெடுத்தது அம்மா. பத்து நாள் ஆனது. தினமும் வேலை ஓய்ந்ததும் படித்தாள், முழுசாக, வரிசையாக. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேரைச் சொல்லாமல் அர்த்தத்தை முதலில் சொன்னாள். "யோசேப்பு எகிப்துல அவ்ளோ கஷ்டப்பட்டானே, அப்புறம் மூத்த புள்ள பொறந்ததும், என் கஷ்டத்தையெல்லாம் ஆண்டவர் மறக்கப் பண்ணிட்டாருன்னு ஒரு பேரு வெச்சான். அதே பேருல பின்னாடி ஒரு கெட்ட ராஜா வந்தான். அதையும் படிச்சுட்டேன். கடைசியில அவனும் திருந்திட்டான். வெக்கலாமா?"

"எழுத்து?"

"ம-தான். உங்க அப்பாகிட்ட சொல்லுங்க."

பாஸ்டரம்மா அட்டவணையில் பார்த்துத் தலையாட்டினார், தள்ளிவைத்திருந்த பிரதிஷ்டைக்கும் நாள் குறித்தார். தாத்தாவிடம் எமன் விஷயத்தைப் பற்றிக் கேட்டேன். "ம வந்துடுச்சுல்ல, எமனை நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வாரம் டாக்டர் உன்னைத் தராசில் போட்டபோது மூன்று கிலோவைத் தாண்டியிருந்தாய். மூச்சு இழுப்பதும் மெதுவாக நின்றுபோனது. பேர் மாறியதால் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தும் அம்மாவின் பாலும் செய்த வேலை அது.

இரண்டு கையெழுத்தோடு படிவம் கொடுத்து, ஒரு வியாழக்கிழமை சான்றிதழை வாங்கினேன். காலியாக இருந்த இடத்தில் உன் பேர் அச்சாகியிருந்தது. அம்பத்தூரில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயிலில் இறங்கினேன். பட்டப்பகல், பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை. உடனே வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தூரத்து லைனில் ஒரு எக்ஸ்பிரஸ் வருவது தெரிந்தது. அது பக்கத்தில் வந்து இரையும் வரைக்கும் காத்திருந்து, யாருக்கும் கேட்காத அந்த இரைச்சலுக்குள், தெருவில் விளையாடும் பையனைக் கூப்பிடுவது போல, உன் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"டேய், வாடா! சாப்பாடு ஆறுது!"